நாற்பது கப்பும் ஒரு தொட்டியும்

அன்றைக்குக் காலையில் தொட்டியைச் சுற்றி நின்றவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி, சிலந்தி தேடி வந்த பிள்ளை, கொசுப்புழு பார்க்க வரும் மதினி. பஞ்சாரத்துக்குள் ஆறு கோழிகள் இருந்தன. அவற்றையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்; அவை வெளியே திரிந்திருந்தால் எழுத எதுவும் இருந்திருக்காது. என் மகள் இல்லை. அவள் ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். தன்னை ஏன் நிறுத்திவைக்கவில்லை என்று இன்றைக்கும் கேட்கிறாள்.

தொட்டி என்றால் பம்புசெட் தொட்டி. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் பிரிகிற மண்பாதையில் மூன்று கிலோமீட்டர் உள்ளே வந்தால், நான் பார்த்துக்கொள்ளும் தோப்பு. முக்கால்வாசி தென்னை, மிச்சம் மா. தோப்புக்காரர் ராஜபாளையத்தில் இருக்கிறார், மாதம் ஒருமுறை வருவார். நாங்கள் மூன்று பேரும் தோப்புக்குள்ளேயே இரண்டு அறை வீட்டில் இருக்கிறோம். பதினோரு வருஷம் ஆகிறது.

நான் கொஞ்சம் பயந்த ஆள். மோட்டாரை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தபிறகு, நிறுத்தினேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்தபிறகு, பார்க்கப் போனபோது கை பட்டு ஓடியிருக்குமோ என்று இன்னொரு நடை போவேன். ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாளில் காய்ச்சல் போய்விட்டது. நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. அவ்வளவுதான் என் படிப்பு.

புரட்டாசி நடுவில் ஒருநாள் என் மனைவி தண்ணீர்க் குடத்தோடு வேகமாக வந்தாள்.

"ஏங்க, நம்ம கரையில ஒரு பிள்ள முட்டி போட்டு மண்ணத் தடவிக்கிட்டு இருக்கு. என்னன்னு கேளுங்க."

தோப்புக்குள் வரும் பாதை ஓர் இடத்தில் பள்ளமாக இறங்கும். தெற்குப் பக்கம் ஆள் உயரத்துக்கு மண் கரை. வெயில் நேராக விழாததால் எப்போதும் ஈரம் இருக்கும், பாசி படர்ந்திருக்கும். போய்ப் பார்த்தால், கரை முழுக்கச் சிவப்புக் கொண்டை வைத்த குண்டூசிகள் குத்தியிருந்தன. மெயின் ரோட்டை அகலப்படுத்தியபோது முதலில் இப்படித்தான் சிவப்புச் சிவப்பாக அடையாளம் வைத்தார்கள். பிறகு கல் நட்டார்கள். பிறகு ஒரு வரிசைப் புளியமரமே இல்லாமல் போனது.

"யாரும்மா நீ? எந்த ஆபீசு?"

"ஆபீஸ் எல்லாம் இல்லைங்ணா. சிலந்தி பாக்க வந்தேன்."

கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. இருபத்தைந்து, இருபத்தாறு வயசு இருக்கும். தோளில் பை, கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி, முழங்காலெல்லாம் மண்.

"உங்க ஊர்ல சிலந்தி இல்லியா தாயி?" என்று என் மனைவி கேட்டாள்.

"இந்தச் சிலந்தி இல்லைங்க்கா. இது வேற எங்கயும் இருக்கான்னே தெரியல. இங்க வாங்க, காட்டுறேன்."

எனக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. மண், பாசி, ஒரு காய்ந்த இலை. அந்தப் பிள்ளை ஊசி முனையால் ஓர் இடத்தைத் தொட்டது. ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மண் லேசாக மேலே எழும்பியது. மூடி. மேல் பக்கம் சுற்றியிருக்கிற மண்ணும் பாசியும் அப்படியே இருக்கின்றன. கீழ்ப் பக்கம் வெள்ளை வெளேரென்று பட்டு ஒட்டியதுபோல் இருக்கிறது. ஒரு பக்கம் கதவுக்குக் கீல் போட்ட மாதிரிப் பிடித்திருக்கிறது. உள்ளே என் விரல் போகிற அளவுக்கு ஒரு குழாய்.

"ஊசியப் பிடிங்ணா. மெதுவா தூக்கிப் பாருங்க."

தூக்கினேன். அரை நெல் அளவு எழும்பியது. பிறகு உள்ளேயிருந்து ஒரு இழுப்பு. அவ்வளவு சின்ன உயிருக்கு அம்புட்டுப் பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஊசியைப் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்துவிட்டேன். மூடி மூடிக்கொண்டது. மறுபடி மண், பாசி, காய்ந்த இலை.

"உள்ள இருக்கறது பொண்ணு. கால மூடியில மாட்டிப் பிடிச்சுக்கும். விடவே விடாது."

"கடிச்சா என்னம்மா ஆகும்?"

"நீங்க உள்ள போயி கைய வெச்சாத்தான் கடிக்கும்."

"மழையில தண்ணி உள்ள போனா?"

"போகாதுங்ணா, மூடி அப்படி இறுக்கமா உக்காரும்."

"மாடு மிதிச்சு மூடி ஒடஞ்சா?"

"புதுசு செஞ்சுக்கும்." அந்தப் பிள்ளை சிரித்துவிட்டது. "நீங்க கேக்கறதெல்லாம் என் கைடு கூடக் கேட்டதில்லைங்ணா."

"அவிய அப்படித்தான் தாயி. எறும்புக்குக் கூட எங்க போற, எப்ப வருவன்னு கேப்பாக" என்றாள் என் மனைவி.

குண்டூசிகளை எண்ணினால் ஐம்பத்தெட்டு. பதினோரு வருஷமாக ஐம்பத்தெட்டு வீட்டு வாசல் வழியாகத்தான் சைக்கிளில் போய்வந்திருக்கிறேன். ஒரு வாசலும் கண்ணில் பட்டதில்லை. அன்றிலிருந்து அந்தப் பள்ளம் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன்.

அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பதை அடுத்தடுத்த நாள்களில் தெரிந்துகொண்டேன். அதற்கு ஓர் ஆண் சிலந்தி வேண்டும். பெண் சிலந்தி ஒரே குழிக்குள் பதினைந்து, இருபது வருஷம்கூட இருக்குமாம். ஆண் அப்படியில்லை. வளர்ந்து முடிந்ததும், நல்ல மழை பெய்கிற ஒரு நாளில் தன் குழியை விட்டுக் கிளம்பிவிடும். பெண் இருக்கிற மூடியைத் தேடி அலையும். சில வாரத்தில் செத்துப்போகும். அதன் முகத்துக்குப் பக்கத்தில் இரண்டு குட்டைக் கைகள் இருக்கின்றன. அந்தக் கையின் நுனி எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் இது ஏற்கெனவே பெயர் வைத்த சிலந்தியா, யாருக்கும் தெரியாத புதுச் சிலந்தியா என்று முடிவு செய்வார்களாம். பெண்ணை மட்டும் வைத்துச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டு வருஷம் வெவ்வேறு இடத்தில் தேடியும் ஆண் கிடைக்கவில்லை. இனி இருபது நாள்தான். அதற்குப் பிறகு ஆராய்ச்சி உதவித்தொகை நின்றுவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் எடுத்திருக்கிற அறையைக் காலி செய்யவேண்டும். இந்த ஐம்பத்தெட்டையும் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகவேண்டியதுதான். இதை அழாமல், புலம்பாமல் ஒரு மாமரத்தடியில் உட்கார்ந்து சொன்னது.

கரைக்குக் கீழேயும் தோப்பின் ஓரத்திலும் நாற்பது பிளாஸ்டிக் கப்புகளை, வாய் மண்ணோடு மட்டமாக இருக்கும்படி புதைத்தோம். நடந்து வருகிற ஆண் அதில் தவறி விழும். வழுக்குகிற பக்கத்தில் ஏறத் தெரியாது. தினமும் விடிந்ததும் நாற்பதையும் நான் பார்க்கவேண்டும். மெலிந்த, கறுத்த, கால் நீண்ட சிலந்தி இருந்தால் மூடி போட்டுவிட்டு போன் செய்யவேண்டும். மழைத் தண்ணீர் தேங்கினால் தேயிலை வடிகட்டியில் ஊற்றி, எதுவும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கப்பைத் திரும்ப வைக்கவேண்டும். நாளுக்கு நூறு ரூபாய் என்று இருபது நாளுக்கு இரண்டாயிரத்தை முன்கூட்டியே கையில் கொடுத்தது. ஒரு நோட்டும் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றிலிருந்து நாற்பது வரை எண் போட்டு, எதிரே கோடு போட்டிருந்தது.

சிலந்தியைவிட எனக்கு அந்த நோட்டைப் பார்த்துத்தான் பயம். முதல் நாள் ஒரு கப்பில் மரவட்டை கிடந்தது. மரவட்டைக்கு என்ன 'ர' என்று மகளிடம் கேட்டு எழுதினேன்.

இந்த இடத்தில் டெங்குவைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். அதற்கு முந்தின வருஷம் ஆடியில் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ராஜபாளையம் பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு நாள். ஒவ்வொரு நாளும் இரத்தத் தட்டணு எம்புட்டு இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதித் தருவார்கள். அந்த எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஐந்தாம் நாள் சீட்டை நான் வாங்கவில்லை. என் மனைவிதான் வாங்கினாள். ஆறாம் நாள் ஏற ஆரம்பித்தது. பிள்ளை நன்றாகி வந்துவிட்டாள். எனக்குத்தான் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. வாயை மேலே வைத்துக்கொண்டு எது கிடந்தாலும் கவிழ்த்துவிடுவேன். தென்னந்தோப்பில் கொட்டாங்கச்சிக்கா பஞ்சம்? கொட்டாங்கச்சி, பாளை, பெயின்ட் டப்பா, உடைந்த பானை, கோழிக்குத் தண்ணீர் வைக்கிற சட்டி. பம்புசெட் தொட்டியின் மேலேயும் பச்சை வலையைப் போட்டு இழுத்துக் கட்டிவிட்டேன். துணி துவைக்கவேண்டுமானால் என் மனைவி ஒரு மூலையில் முடிச்சை அவிழ்த்துத் தண்ணீர் மொண்டுகொண்டு மறுபடி கட்டவேண்டும்.

"இவியளுக்கு எல்லாம் கவுந்து கெடந்தாத்தான் தூக்கம் வரும். கொஞ்சம் விட்டா நம்மளயும் கவுத்தி வச்சிருவாக" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வருகிற பெண்களில் எங்கள் பக்கத்துக்கு வருகிறவர் எனக்கு மதினி முறை. தூரத்து உறவு. கையில் டார்ச், தோளில் மருந்துப் பை, காதோரம் சொருகிய சாக்பீஸ். பார்த்துவிட்டுச் சுவரில் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பார். கப்புகளைப் புதைத்துப் பத்தாம் நாள் வந்தார்.

"என்ன கொழுந்தனாரே, தோப்புக்குள்ள டீக்கட போட்டுட்டீரா? வரிசையா கப்பு வச்சிருக்கீரு."

"சிலந்தி புடிக்க வச்சிருக்கு மதினி."

"சிலந்தி விழுதோ இல்லியோ, மழ விழுந்தா புழு வச்சிரும் பாத்துக்கிடும். நாளக்கழிச்சு வாரேன். ஒரு கப்புல ஒரு புழு பாத்தாலும் இந்தச் செவுத்துல உம்ம பேரப் பெருசா எழுதிட்டுப் போயிருவேன்."

விளையாட்டுக்குச் சொன்னதுதான். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் போனபிறகு அந்தப் பேச்சு என் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

பதினோராம் நாள் சாயங்காலம் மலை கறுத்தது. ஒரு மணி நேரம் நல்ல மழை. அந்த வருஷத்தின் முதல் பெருமழை.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் தோப்புக்குள் இறங்கினேன். நோட்டை இடுப்பில் செருகியிருந்தேன். வடிகட்டியைக்கூட மறக்காமல் எடுத்திருந்தேன். முதல் கப்பைப் பார்த்தேன். விளிம்பு வரை தண்ணீர். இரண்டாவதும் அப்படி. மூன்றாவதும் அப்படி. நாற்பது வாய், நாற்பதிலும் தண்ணீர். எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. அந்த ஐந்தாம் நாள் சீட்டு மட்டும்தான் கண்ணுக்குள் வந்தது. முதல் கப்பைப் பிடுங்கித் தண்ணீரைக் கொட்டி, அந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தேன். கொட்டாங்கச்சியைக் கவிழ்ப்பது மாதிரி கை தானாக ஓடியது. இரண்டாவது, மூன்றாவது. வடிகட்டி தோளில் கிடந்த துண்டுக்குள் இருந்தது. சகதி ஒட்டிய கப்புகளை பள்ளத்தில் ஓடிய மழைத் தண்ணீரில் கழுவியும் வைத்தேன். கோழிகள் ஆறும் என் பின்னாலேயே வந்தன. கொட்டின இடத்தில் அவை எதையெதையோ கொத்தித் தின்றன. புழு பூச்சி ஒழிகிறதே என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நாற்பதையும் முடித்துவிட்டு, நோட்டை எடுத்து ஒன்றிலிருந்து நாற்பது வரைக்கும் எதிரே "தண்ணீர் கொட்டியாச்சு" என்று எழுதினேன். நாற்பது தடவை. எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினேன் என்று ஒரு திருப்தி வேறு.

ஒன்பதரைக்கு அந்தப் பிள்ளை ஓட்டமும் நடையுமாக வந்தது. "மழை பேஞ்சுதுங்களா? எத்தனை கெடச்சுது?" என்று பாதையிலிருந்தே கேட்டது. பிறகு கரைக்குக் கீழே பார்த்தது. கழுவின கப்புகள் வெயிலில் வெள்ளையாக வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன.

எனக்கு அப்போதுதான் தோளில் வடிகட்டி கனத்தது.

"நீங்க வடிகட்டிப் பாத்தீங்களாங்ணா?"

"இல்லம்மா."

அந்தப் பிள்ளை குனிந்து ஒவ்வொரு கப்புக்குப் பக்கத்திலும் மண்ணைக் கிளறிக்கொண்டே போனது. நான் பின்னாலேயே போனேன். பதினேழாவது கப்புப் பக்கத்தில் ஒரு கால் கிடந்தது. கறுப்பாக, மெலிந்து, என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமாக. அதைச் சின்ன இடுக்கியால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தது.

"ஆண்தான். விழுந்திருக்கு." அதை ஒரு சின்னக் குப்பியில் போட்டு மூடிவிட்டு, "கால் மட்டும் இருந்தாப் பத்தாதுங்ணா" என்றது.

கோழி ஒன்று கொக்கரித்தது. அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது திட்டவில்லை. "கப்புக்கு அடியில ஓட்டை போட்டிருக்கணும். நான் யோசிக்கல. என் தப்புதாங்ணா" என்றது. அது இன்னும் மோசமாக இருந்தது. என் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

"இனி மழையே பெய்யாதா தாயி?"

"பேயும்க்கா. ஆனா கிளம்பறதெல்லாம் முதல் மழையிலயே கிளம்பிரும். ரெண்டாவது மழைக்கு மிச்சம் இருக்குமான்னு தெரியல. எனக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கு."

"அப்படி என்னதான் தாயி அதுல இருக்கு? எப்படி இருக்கும் அந்த ஆணு?"

அந்தப் பிள்ளை போனில் வேறு ஊரில் எடுத்த, இதே மாதிரி இன்னொரு சிலந்தியின் படத்தைக் காட்டியது. பெண்ணைப்போல் உருண்டை இல்லை. ஒல்லியாக, காலே பிரதானமாக இருந்தது. என் மனைவி போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இதுவா? இது தொட்டியில மெதக்குமே."

"எந்தத் தொட்டியிலங்க்கா?"

"பம்புசெட் தொட்டியிலதான். மழ பேஞ்ச மறுநா துவைக்கப் போனா ஒண்ணு, ரெண்டு கெடக்கும். எத்தன வருசமா மொண்டு வெளிய ஊத்தியிருக்கேன். இது அந்த மூடிக்குள்ள இருக்கிறதோட வீட்டுக்காரன்னு எனக்கு எப்படித் தெரியும்? போன வருசந்தான் ஒண்ணையும் காணோம்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "காணோம்னா, எப்படி இருக்கும்? அதான் வல போட்டு இழுத்துக் கெட்டியாச்சே."

தொட்டி, கரையிலிருந்து இருபதடி தள்ளி, பாதி தரைக்குள் இறங்கியிருக்கிறது. பாதைப் பக்கத்து விளிம்பு தரையோடு தரையாகத்தான் இருக்கும். அதாவது, நாங்கள் நாற்பது கப்பு புதைப்பதற்குப் பல வருஷம் முன்னாலேயே அங்கே ஒரு பெரிய கப்பு புதைந்திருந்தது. அதற்கு நான் மூடி போட்டு வைத்திருந்தேன்.

அந்தப் பிள்ளை எழுந்து நின்றது. "வலையை எடுத்தரலாமுங்களா?"

எடுக்கலாம்தான். ஆனால் எடுத்தால் தொட்டித் தண்ணீர் திறந்து கிடக்கும். வேண்டாம் என்று சொல்லவும் வாயில்லை. காலையில் செய்த காரியம் அப்படி. நின்று யோசித்தேன். பிறகு என்னை அறியாமல் சொன்னேன்: "தண்ணி எதுக்கும்மா? தண்ணியில்லாமலே விழுந்தா ஏறாதுல்ல?"

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. "ஏறாதுங்ணா. வழுவழுப்பா மட்டும் இருந்தாப் போதும்."

அன்று மத்தியானமே வலையை அவிழ்த்துத் தொட்டியைக் காலி செய்தேன். அடியில் கிடந்த சகதியை வாரி எறிந்து, சுவரில் பிடித்திருந்த பாசியைத் தேங்காய் நாரும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்தேன். இரண்டு மணி நேரம். கைத்தோல் உரிந்துவிட்டது. தண்ணீர் போகிற ஓட்டையின் அடைப்பை எடுத்துவிட்டு, மழை பெய்தாலும் வடிந்துவிடும்படி, ஆனால் சிலந்தி போய்விடாதபடி, கொசுவலைத் துணியை மடித்துக் கம்பி வைத்துக் கட்டினேன். நாற்பது கப்புக்கும் ஆணியைப் பழுக்கக் காய்ச்சி அடியில் ஓட்டை போட்டோம். என் மனைவி கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பஞ்சாரத்தில் போட்டாள்.

"எம்புட்டு நாளைக்கு?"

"மழ பேயுற வரைக்கும்."

"ம். எனக்குத் துவைக்கத் தண்ணி?"

"குழாயில புடிச்சுத் தாரேன்."

"நீங்களே துவைச்சும் தாங்க."

துவைத்தேன். நான்கு நாள்.

அதில் முதல் மூன்று நாளும் மழை இல்லை. காலையில் மலை தெளிவாகத் தெரியும். தெளிவாகத் தெரிந்தால் மழை வராது. அந்தப் பிள்ளை தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து, கரையில் குண்டூசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூடிகளை அளந்து எழுதிக்கொண்டிருக்கும். நான் நோட்டில் "ஒன்றுமில்லை" என்று எழுதிக்கொண்டிருந்தேன். அதற்குக் கோபம் இல்லை என்பது தெரியும். இருந்தாலும் அது வானத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒற்றைக் கால் ஞாபகம் வரும். பதினேழாம் கப்பைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

நான்காம் நாள், அதாவது எங்கள் கணக்கில் பதினாறாம் நாள், மூன்று மணிக்கு மேற்கே ஒரே கறுப்பு. முதலில் காற்று, பிறகு நாலைந்து பெரிய சொட்டு, பிறகு மழை. முதல் மழை அளவுக்கு இல்லை. அரை மணி நேரம் பெய்து, இருட்டுகிற வரைக்கும் தூறிக்கொண்டிருந்தது. தொட்டிப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். காலடிக்குப் பயந்து சிலந்தி வராமல் போனால்?

"அது வந்தா உங்களப் பாத்துத்தான் பயப்படப் போவுது" என்றாள் என் மனைவி.

காலையில் எல்லோரும் வந்தபிறகுதான் பார்ப்பது என்று வைத்திருந்தேன். தனியாகப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. என் கை மறுபடி என்ன செய்யுமோ என்று எனக்கே தெரியாது. அந்தப் பிள்ளை எட்டு மணிக்கு ஆட்டோ பிடித்து வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, நாளைக்கழித்து வருவதாகச் சொல்லிவிட்டுப் பிந்திப்போன மதினியும் டார்ச்சோடு வந்து சேர்ந்தார். முதலில் நாற்பது கப்பையும் பார்த்தோம். மூன்று தவளைக் குஞ்சு, மரவட்டை, ஒரு நண்டு, நிறைய எறும்பு. சிலந்தி இல்லை. அந்தப் பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவில்லை.

பிறகு தொட்டிக்குப் போனோம்.

எட்டிப் பார்த்தால் ஈரச் சிமென்ட். மாவிலை இரண்டு. ஒரு மூலையில் நிழல். நான்கு பேரும் விளிம்பில் குனிந்து நின்றோம்.

"புழுவும் இல்ல, பூச்சியும் இல்ல. இப்படி ஒரு தொட்டிய நான் பாத்ததே இல்ல, கொழுந்தனாரே" என்று மதினி டார்ச்சை அடித்தார். வெளிச்சம் அடியில் ஓடி, ஓட்டையில் கட்டியிருந்த கொசுவலை மேல் போய் நின்றது. அங்கே ஒரு மாவிலை அசைந்தது.

"அங்கயே வைங்க்கா. நகத்தாதீங்க" என்றது அந்தப் பிள்ளை.

இலைக்கு அடியிலிருந்து ஒரு கறுத்த கால் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு முழுசாக வெளியே வந்து, வெளிச்சத்தைப் பார்த்து முன்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றது. போனில் பார்த்த மாதிரிதான். ஒல்லி. முகத்துக்குப் பக்கத்தில் இரண்டு குட்டைக் கை, நுனியில் குமிழ் மாதிரி. சுவர் ஓரமாக ஏறிப் பார்த்தது, வழுக்கி இறங்கியது. மறுபடி ஏறிப் பார்த்தது. இரவு முழுக்க அதைத்தான் செய்திருக்கும் என்று நினைத்தேன். எனக்கு அதன் மேல் ஒரு பரிதாபம் வந்தது. அது தேடிப்போன மூடி இருபதடி தூரத்தில்தான் இருந்தது.

அந்தப் பிள்ளை தொட்டிக்குள் இறங்கி, அதன் முன்னால் ஒரு டப்பாவைச் சாய்த்து வைத்து, பின்னால் ஒரு பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளியது. அது தானாக நடந்து உள்ளே போனது. மூடியைத் திருகியபிறகு அந்தப் பிள்ளை அப்படியே தொட்டிக்குள் உட்கார்ந்துவிட்டது. அப்போதுதான் அழுதது. சத்தமில்லாமல், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு.

"அழாத தாயி" என்றாள் என் மனைவி. "கெடச்சிருச்சுல்ல."

"இதுக்கா இம்புட்டுப் பாடு?" என்று மதினி டப்பாவைப் பார்த்தார். "எங்க வீட்டுப் பரண்ல நூறு இருக்கும்." பிறகு சாக்பீஸை எடுத்து, பம்புசெட் அறைச் சுவரில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். மழையில் நனையாத கூரைக்கு அடியில் எழுதியதால் அது இன்னும் லேசாகத் தெரிகிறது.

நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். "இது புதுசாம்மா?"

"தெரியலைங்ணா. கையோட நுனியை மைக்ராஸ்கோப்ல பாக்கணும். மத்ததோட ஒப்பிடணும். ஒரு வருஷம் ஆகலாம், மேலயும் ஆகலாம். புதுசா இல்லாமக்கூட இருக்கலாம்."

"அப்ப வேல நிக்காதுல்ல?"

"நிக்காதுங்ணா. இதை வெச்சு நீட்டிப்பு கேக்கலாம்."

அது போதும் என்று இருந்தது எனக்கு. அன்றைக்கே அந்தப் பிள்ளை குண்டூசிகளைப் பிடுங்கிக்கொண்டு, நோட்டையும் வாங்கிக்கொண்டு கிளம்பியது. போகும்போது "தண்ணீர் கொட்டியாச்சு" பக்கத்தைக் கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாங்ணா, அதுவும் குறிப்புதான்" என்று சொல்லிச் சிரித்தது. நீட்டிப்பு கிடைத்துவிட்டது என்று பிறகு போனில் சொன்னது. சிலந்திக்குப் பெயர் இன்னும் வரவில்லை.

வலையை நான் மறுபடி கட்டிவிட்டேன். ஆனால் ஐப்பசியில் மழைமேகம் கூடினால் தொட்டியைக் காலி செய்து, வலையை அவிழ்த்துவிடுகிறேன். காலையில் விழுந்து கிடப்பதை ஒரு தட்டில் ஏற்றிக் கரைக்குக் கீழே விட்டுவிட்டு வருகிறேன். இந்த வருஷம் இரண்டு விட்டேன். எந்த மூடிக்குப் போனதென்று நின்று பார்க்கவில்லை.

அந்தப் பிள்ளை போன மறுநாள் நான் கணக்குப் பார்த்தேன். இருபது நாளுக்கு வாங்கியது இரண்டாயிரம். பதினேழாம் நாளோடு வேலை முடிந்துவிட்டது. மூன்று நாள் நான் வேலை செய்யவில்லை. பன்னிரண்டாம் நாள் செய்ததை வேலை என்று சொல்லமுடியாது. "தொட்டி கழுவுன கூலி யாரு தருவா, கோழி அடஞ்சு கெடந்து முட்ட போடாததுக்கு யாரு தருவா?" என்று என் மனைவி எதிர்க்கணக்கு போட்டாள். நான் மகளிடம் சொல்லிப் போனில் பணத்தை அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் அந்தப் பிள்ளை திருப்பி அனுப்பிவிட்டது. தீபாவளிக்கு மறுபடி அனுப்பினேன். மறுபடி திரும்பி வந்தது. அந்தப் பிள்ளைக்கு நான் இன்னும் தரவேண்டியது நானூறு ரூபாய்.